கரையில் இருந்த ஒன்பது பேர்

சென்ற விடுமுறையில் நாங்கள் குடும்பமாகக் கித்துல்கலவுக்குப் போனோம். இரண்டு வேன்கள், பதினாறு பேர், மூன்று சட்டி சாப்பாடு. அதைப் பயணக் கட்டுரையாக எழுதித் தரும்படிதான் மலர்க் குழுவுக்குப் பொறுப்பான ஆசிரியை கேட்டார். இயற்கை அன்னை, சலசலக்கும் நதி என்று ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். ஆனால் எழுத எழுத ஒரு கணக்குத்தான் திரும்பத் திரும்ப மனதில் வந்து நின்றது. பதினாறு பேரில் ஏழு பேர் ஆற்றில் இறங்கினார்கள். ஒன்பது பேர் கரையில் இருந்தோம். இறங்கியவர்கள் எல்லாரும் ஆண்கள். கரையில் இருந்தவர்கள் எல்லாரும் பெண்கள். ஆகவே இது பயணக் கட்டுரை அல்ல, என் அபிப்பிராயம். வயதுக்கு மீறிய பேச்சாகத் தோன்றினால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போகாதவர்களுக்காக முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். கித்துல்கல கேகாலை மாவட்டத்தில், அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் வீதியில் இருக்கிறது. கொழும்பிலிருந்து நூறு கிலோமீற்றருக்கும் சற்றுக் குறைவு. யட்டியந்தோட்டை கடந்ததும் வீதி வளைந்து வளைந்து ஏறத் தொடங்கும். இறப்பர் மரங்கள், அவற்றுக்கு மேலே தேயிலை, இடையிடையே கித்துள் மரங்கள். ஊரின் பெயரே அந்த மரத்திலிருந்து வந்ததுதான். "கல" என்றால் சிங்களத்தில் கல். பெருநாளைக்கு நம் வீடுகளில் வட்டிலப்பத்துக்குக் கரைக்கிற கித்துள் கருப்பட்டி இப்படிப்பட்ட ஈர மலைப்பக்கத்து ஊர்களிலிருந்துதான் வருகிறது என்று உம்மா சொன்னதும், அதுவரை தூங்கிக்கொண்டிருந்த உம்மும்மா கண்ணைத் திறந்து, "அப்ப திரும்பி வரக்குள்ள ரெண்டு கிலோ வாங்கு" என்றார்.

ஊர் மிகச் சின்னது. சில கடைகள், ஒரு ரெஸ்ட் ஹவுஸ், தங்குமிடப் பலகைகள், படகுகளைக் கூரையில் கட்டிய வாகனங்கள், அவ்வளவுதான். ஆனால் அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஏதோ ஒன்று இருக்கிறது. அக்கரையில் மாகந்தாவ மழைக்காடு. மலைமேலே பெலிலென குகை. ஓடைகளில் சறுக்கிக் குதிக்கிற விளையாட்டு. நடுவே களனி கங்கை.

வாப்பாவுக்கு வேறொன்று பார்க்க வேண்டியிருந்தது. 1957இல் வெளிவந்த "த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்" படத்தின் பாலம் இங்கேதான் கட்டப்பட்டது. டேவிட் லீன் இயக்கிய அந்தப் படம் ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. கதை நடப்பது தாய்லாந்தில், ஆறோ நம்முடையது. மரத்தால் பெரிய பாலம் ஒன்றைக் கட்டி, அதன்மேல் உண்மையான ரயிலை ஓடவிட்டு, வெடிவைத்துத் தகர்த்தார்களாம். இப்போது அங்கே பாலம் இல்லை, அடித்தளக் கொங்கிறீட்டின் மிச்சம்தான் இருக்கிறது. இல்லாத பாலத்தைப் பார்க்க அத்தனை தூரம் இறங்கி நடந்த வாப்பா, கல்லைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு திரும்பினார். எனக்கு அது விளங்கவில்லை. ஒருவேளை அந்தப் படத்தைப் பார்த்திருந்தால் விளங்கியிருக்கும்.

என்னைக் கவர்ந்தது பெலிலென. அங்கே 12,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட மனித எலும்புகள் கிடைத்திருக்கின்றன. பாறை ஒன்று குடைபோல் விரிந்து நிற்க, அதன் விளிம்பிலிருந்து நீர் திரைபோல விழுகிறது. மழைக்காலத்திலும் உள்ளே காய்ந்த தரை. அக்குகையில் வாழ்ந்தவர்களிடம் கடற்கரையிலிருந்து வந்த உப்பு இருந்தது என்பதை அகழாய்வு செய்த சிரான் தெரணியகல எழுதியிருக்கிறார். யோசித்துப் பாருங்கள். வீதியில்லை, வேனில்லை. யாரோ கடலோரத்திலிருந்து உப்பைச் சுமந்துகொண்டு இந்த மலைக்கு வந்திருக்கிறார்கள். ஆற்றோரமாகத்தான் வந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்களில் பெண்களும் இருந்திருப்பார்கள், அவர்களை யாரும் கரையிலேயே நில் என்று சொல்லியிருக்க மாட்டார்கள் என்றும் தோன்றுகிறது. இது ஆராய்ச்சி அல்ல, என் கற்பனை.

பகல் சாப்பாட்டுக்குப் பின்தான் ராஃப்டிங். காற்றடைத்த இறப்பர்ப் படகில், கையில் துடுப்போடு, பாறைகளுக்கிடையே நுரைத்துப் பாயும் நீரில் சுமார் ஐந்து கிலோமீற்றர் இறங்கி வருவது. நானாவும் மாமாமாரும் மச்சான்மாரும் லைஃப் ஜக்கட்டைக் கட்டி, தலைக்கவசத்தை மாட்டி, ஏழு வீரர்களாகப் புறப்பட்டார்கள். மிகச் சிறியவனுக்குப் பன்னிரண்டு வயது. எனக்குப் பதினேழு. அவர்களுடைய கைத்தொலைபேசிகளும் மணிக்கூடுகளும் பேர்ஸ்களும் என் மடியில்.

நானும் போகட்டுமா என்று கேட்டேன். மூன்று பதில்கள் வந்தன. உடுப்பு நனைந்தால் ஒட்டும் என்றார் உம்மா. ஆட்கள் பார்ப்பார்கள் என்றார் மாமி. "பொம்புளப் புள்ளையளுக்கு ஆத்துல என்ன வேல?" என்றார் உம்மும்மா. நான்காவது பதிலை யாரும் சொல்லவில்லை; எனக்கே அது தெரியும். எனக்கு நீந்தத் தெரியாது.

முதல் இரண்டையும் நான் அலட்சியம் செய்யவில்லை. நம் மானம் நமக்குப் பெரிது. ஆனால் அவற்றுக்கு வழி இருக்கிறது. அன்று இன்னொரு படகில் ஒரு பெண், கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும், தளர்ந்த நீச்சல் உடுப்பும் தலைக்கவசத்துக்குள் இறுக்கிய ஸ்காஃபுமாக ஏறிக்கொண்டிருந்தார். லைஃப் ஜக்கட் அதற்கு மேலே. அவரைப் பார்த்து எங்கள் மாமியே, "இது நல்லாத்தானே ஈக்குது" என்றார். புர்கினி என்று சொல்லப்படும் நீச்சல் உடையை அவுஸ்திரேலியாவில் அஹெதா ஸனெட்டி என்ற முஸ்லிம் பெண் வடிவமைத்து இருபது வருடம் ஆகிறது. உடுப்புப் பிரச்சினையை யாரோ ஒரு பெண் எப்போதோ தீர்த்துவிட்டார். நமக்குத்தான் செய்தி பிந்தி வந்திருக்கிறது.

ராஃப்டிங் போகவிடவில்லை என்று குறைசொல்லவே இதை எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அது விளையாட்டு. போகாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. என்னை எழுத வைத்தது அதற்குப் பிறகு நடந்தது.

படகு வளைவில் மறைந்த பிறகு, கால் நனைக்கலாம் என்று கொஞ்சம் கீழே உள்ள துறைக்குப் போனோம். அங்கே ஊர்ப் பெண்கள் சிலர் மார்புக்கு மேல் துணி கட்டிக் குளித்துக்கொண்டிருந்தார்கள். துணி துவைத்தார்கள், பிள்ளைகளைத் தேய்த்தார்கள், எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். எங்கள் சாச்சியின் மகளுக்கு எட்டு வயது. அவள் கணுக்கால் அளவு நீரில் ஒரு தட்டைக் கல்லில் நின்றாள். நான் அவளிடமிருந்து நான்கு அடி தூரத்தில் நின்றேன். கல்லில் பாசி. சறுக்கியதுதான் தெரியும், இடுப்பு வரை போனாள், பிறகு கழுத்து வரை, பிறகு தண்ணீர் அவளை இழுத்தது.

நாங்கள் எட்டுப் பேரும் என்ன செய்தோம் தெரியுமா? கத்தினோம். உம்மா கத்தினார், சாச்சி கத்தினார், நான் கத்தினேன். ஒருவரும் ஓரடி முன்னால் வைக்கவில்லை. வைத்திருந்தால் இன்னொரு ஆள் போயிருக்கும். உடுப்புக் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளை, பத்துப் பதினொரு வயதிருக்கும், கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டுச் சாய்வாக நீந்திப் போய், கீழே இருந்த பாறையில் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் அவளுடைய சட்டையைப் பிடித்தாள். எல்லாம் ஒரு நிமிடம்கூட இல்லை. பிள்ளை இரண்டு மிடறு தண்ணீர் குடித்திருந்தாள், முழங்கையில் ஒரு உரைசல், வேறொன்றுமில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

அந்தப் பிள்ளையின் தாய் எங்களைத் திட்டவில்லை. சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். அந்தத் தட்டைக் கல்லுக்கு அப்பால் திடீரென்று ஆழம். மேலே மழை பெய்தால் இங்கே வெயிலாக இருக்கும்போதே ஆறு ஏறும். மின்நிலையத்தால் தண்ணீர் விட்டாலும் ஏறும். தண்ணீர் கலங்கி வந்தாலோ, இலைச்சருகு மிதந்து வந்தாலோ உடனே கரையேற வேண்டும். சாச்சி அந்தப் பிள்ளையின் கையில் பணம் வைக்கப் போனபோது தாய் வாங்கவிடவில்லை. கடைசியில் ஒரு பெட்டி மஸ்கட்டைக் கொடுத்தோம்.

அவர் சொன்னதைப் பிறகு வரைபடத்தில் பார்த்தேன். மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கையாகிறது. அந்த இரண்டு ஓயாக்களிலும் காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்கள். அவற்றுக்குக் கீழே கென்யன், நோர்ட்டன், லக்சபான, பொல்பிட்டிய. கடைசியாகக் கித்துல்கலவுக்குப் பக்கத்திலேயே 35 மெகாவொற் புரோட்லண்ட்ஸ் திட்டம். அதைக் கட்டும்போது ஆற்றில் நீர் குறைந்து ராஃப்டிங் தொழில் போய்விடுமோ என்று ஊரார் கவலைப்பட்டதாகப் பத்திரிகைகளில் வந்தது. அதாவது அந்த ஆறு மழையால் மட்டுமல்ல, நம் வீட்டு மின்குமிழாலும் ஏறி இறங்குகிற ஆறு. ஒரு நாள் பார்க்க வருகிறவர்களுக்கு அது தெரியாது. ஊர்ப் பிள்ளைக்குத் தெரியும். அவள் நீந்தக் கற்றது மட்டுமல்ல, எப்போது இறங்கக்கூடாது என்பதையும் சேர்த்தே கற்றிருக்கிறாள். நீந்தத் தெரியும் என்ற துணிவில் அறியாத ஆற்றில் குதித்து மௌத்தான ஆண்பிள்ளைகளின் செய்தி ஒவ்வொரு விடுமுறையிலும் வருகிறது. ஆகவே நீச்சல் தெரிந்தால் போதும் என்று நான் சொல்ல மாட்டேன்.

திரும்பி வரும்போது வேனில் யாரும் அதிகம் பேசவில்லை. படகில் போன ஏழு பேரும் தங்கள் வீரக்கதைகளைத் தொடங்கி, எங்கள் முகங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். உம்மும்மா மட்டும், "நான் சொன்னேன்தானே, பொம்புளப் புள்ளையளுக்கு ஆத்துல வேலையில்லண்டு" என்றார்.

இங்கேதான் நான் உம்மும்மாவிடமிருந்து வேறுபடுகிறேன். நாம் ஆற்றுக்குப் போகாவிட்டால் ஆறு நம்மிடம் வராதா?

எங்கள் வீடு வெல்லம்பிட்டியில். அதே களனி கங்கை 145 கிலோமீற்றர் ஓடி, கடலில் சேர்வதற்குச் சற்று முன்னால் எங்கள் பக்கத்தைக் கடந்து போகிறது. அம்பத்தலையில் எடுத்துச் சுத்திகரித்த அதன் தண்ணீரைத்தான் கொழும்பில் பெரும்பாலானோர் குடிக்கிறோம். 2016 மே மாதம் அந்த ஆறு எங்கள் வீட்டுக்குள் வந்தது. எனக்கு அப்போது ஏழு வயது. கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவில் மலை சரிந்த அதே கிழமை. முதல் நாள் இரவு முற்றத்தில் இருந்த தண்ணீர், விடிய முன் கட்டிலின் விளிம்பைத் தொட்டது. வாப்பா என்னைத் தோளில் வைத்துக்கொண்டு பக்கத்து மாடிவீட்டுக்குப் போனார். உம்மா, வயிற்றில் தம்பியோடு, நெஞ்சளவு தண்ணீரில் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். அன்று உம்மாவின் கை சுவரிலிருந்து நழுவியிருந்தால்? எங்கள் வீட்டில் அதை யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை, கித்துல்கலவில் சாச்சியின் மகள் சறுக்கும்வரை.

நம் ஊர்களுக்கு இது புதிதுமல்ல. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஏறியபோது கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கங்களில் என்ன நடந்தது என்பதை அங்கிருந்து வந்து நம் கல்லூரி விடுதியில் தங்கியிருக்கும் தோழிகளின் குடும்பங்களிடம் கேளுங்கள். அம்பாறை மாவட்டத்தில் சுனாமிக்குப் பின் நடந்த ஆய்வில், ஆண்களைவிடப் பெண்களும் பிள்ளைகளுமே அதிகமாக இறந்தது தெரியவந்தது. வீட்டில் இருந்தார்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள், நீந்தவும் மரமேறவும் அவர்களுக்கு யாரும் பழக்கியிருக்கவில்லை என்று பல காரணங்களைச் சொல்கிறார்கள். முதல் இரண்டையும் மாற்ற முடியாது. மூன்றாவதை மாற்றலாம்.

பிள்ளைகளுக்கு நீச்சலைக் கற்றுக்கொடுங்கள் என்று உமர் (ரழி) அவர்கள் சொன்னதாக எத்தனை பயான்களில் கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டு ஆண்பிள்ளைகளை மட்டும் தடாகத்துக்கு அனுப்புகிறோம். என் நானா பத்து வயதில் கற்றார். அவருடைய பாடசாலையில் தடாகம் இருக்கிறது. எங்களுடையதில் இல்லை. வாங்கித்தர யாரையும் நான் கேட்கவில்லை, அது கோடிக்கணக்கு. ஆனால் தடாகம் உள்ள இடங்களில் பெண்களுக்கென்று தனி நேரம் கொடுக்கிறார்கள், பெண் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள், ஆண்கள் உள்ளே வர முடியாது. பிரத்தியேக வகுப்புகளுக்கு வாரத்தில் ஆறு நாள் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லும் பெற்றோருக்கு ஒரு மணித்தியாலம் கிடைக்காதா? கணக்குப் பாடத்தில் ஒரு "எஸ்" வந்தால் அடுத்த தவணையில் "பீ" எடுக்கலாம். தண்ணீரில் அடுத்த தவணை இல்லை.

பணம் இல்லாத வீடுகளை நான் மறக்கவில்லை. எங்கள் வீடும் அப்படித்தான். அதனால்தான் தனித்தனியாக அல்லாமல் சேர்ந்து போக வேண்டும் என்கிறேன். பழைய மாணவிகள் சங்கத்தில் நீந்தத் தெரிந்த ராத்தாமார் யாராவது இருந்தால் முன்வாருங்கள். ஆசிரியைகளும் எங்களோடு தண்ணீரில் இறங்குங்கள்; நீங்களும் பயப்படுவீர்கள் என்று தெரிந்தால் எங்களுக்கு வெட்கம் குறையும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் நேர்மையில்லை. நாங்கள் சாப்பிட்ட லஞ்ச் ஷீட்டுகளில் சில அந்தத் துறையிலேயே பறந்து போயின. பிள்ளையைத் தூக்கிய அதே ஊர்ப் பெண்கள்தான் அவற்றைப் பொறுக்கியிருப்பார்கள். அல்லது பொறுக்காமல் விட்டிருந்தால், ஆறே அவற்றை எங்கள் வெல்லம்பிட்டிக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கும்.

அந்த ஊருக்குத் திரும்பவும் போக வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்தப் பிள்ளையின் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டோம். பேர்ஸ்களை மடியில் வைத்துக்கொண்டு இருக்க அல்ல, அவளோடு அந்தத் துறையில் இறங்கப் போக வேண்டும்.

கித்துல்கலவிலிருந்து வந்து மூன்று கிழமைக்குப் பின் உம்மா சம்மதித்தார். நான் கேட்டதற்கல்ல, சாச்சி வந்து, "எண்ட மகளையும் சேருங்க, நானும் வாறன்" என்று சொன்னதற்கு. நாங்கள் விசாரித்த தடாகத்தில் சனிக்கிழமை காலை ஏழு மணி முதல் எட்டு மணி வரை பெண்களுக்கு மட்டும். பயிற்சி தருபவரும் பெண். பத்துப் பேர் சேர்ந்தால்தான் தனியாக ஒரு குழு எடுப்பாராம், கட்டணமும் குறையும். உயர்தர வகுப்பு மாணவத் தலைவியிடம் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. இதை எழுதும்வரை ஆறு பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. உம்மாவின் பெயர் ஆறாவது.